லக்ராஸ் கோச்னா விசில் ஊதுறவர் மட்டுமா? அமெரிக்க சின்ன காலேஜ்ல கோச்சிங் ஸ்டாஃப் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம்

நியூஜெர்சி பக்கம் நம்ம ஆளுங்க இருக்கிற ஒரு பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போன வருஷம் ஒருத்தர் மெசேஜ் போட்டாரு. "பையனுக்கு ஒரு காலேஜ் லக்ராஸ் கோச் மெயில் அனுப்பியிருக்கார், ஸ்காலர்ஷிப் கிட்டத்தட்ட கன்ஃபார்ம்"னு. வாழ்த்து, கைதட்டல், லட்டு படம்னு குரூப்பே கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. நடுவுல ஒருத்தர், "மெயில் போட்டது அசிஸ்டன்ட் கோச்தானே, ஹெட் கோச் பேசினாதான் மதிப்பு"ன்னாரு. இன்னொருத்தர் அதுக்கும் மேல போய், "டீம்ல டிரெய்னர்னு ஒருத்தர் இருப்பார், அவரை பிடிச்சா வேலை முடிஞ்சுரும்"ன்னு ஐடியா குடுத்தாரு.

மூணு பேர் சொன்னதும் தப்பு. ஆனா அவங்களை குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, ஏன்னா இந்த "கோச்சிங் ஸ்டாஃப்"ங்கிற வார்த்தைய எல்லாரும் பொத்தாம்பொதுவா பேசுறாங்க, உள்ள யாரு என்ன பண்றாங்கன்னு ஒருத்தரும் உட்கார்ந்து சொல்றதில்ல. அதான் இத எழுதுறேன். லக்ராஸ் மட்டைய கண்ணால பாக்காதவங்களுக்கும் புரியணும்ங்கிறதுதான் கணக்கு, விளையாட்டு தெரிஞ்சவங்க முதல் பகுதிய தாண்டி போயிடலாம்.

மொதல்ல, லக்ராஸ்னா என்ன

நுனியில வலை கட்டின ஒரு நீள மட்டை. அந்த வலையிலேயே பந்தை பிடிச்சு, சுமந்துட்டு ஓடி, வீசி, எதிர் டீம் கோல்ல போடணும், அவ்வளவுதான். பந்து கெட்டி ரப்பர், கிரிக்கெட் பந்தை விட கொஞ்சம் சின்னது, கொஞ்சம் லேசு. கோல் 6 அடிக்கு 6 அடி.

ஐரோப்பாக்காரங்க கண்டுபிடிச்சது இல்ல இது. இரோகுவாய்னு மத்தவங்க கூப்பிட்ட ஹோடனஷோனி மக்களும் வட அமெரிக்காவோட மத்த பூர்வகுடிகளும் பல நூறு வருஷமா ஆடினது, அவங்களுக்கு இது படைச்சவனுக்காக ஆடுற ஆட்டம், கிட்டத்தட்ட ஒரு வழிபாடு. 1867-ல மான்ட்ரியல்ல இருந்த ஜார்ஜ் பியர்ஸ்னு ஒரு பல் டாக்டர் இதுக்கு விதி எழுதி இப்போ இருக்கிற உருவத்துக்கு கொண்டு வந்தாரு. அமெரிக்கால கிழக்கு கரையோரமா, மேரிலாண்ட், நியூயார்க், பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் பக்கம், இது ரொம்ப ஆழமா வேர் விட்ட விளையாட்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல சிக்ஸஸ்னு ஆறு ஆறு பேர் ஆடுற வடிவத்துல வரப்போகுது.

இப்போ முக்கியமான விஷயம். ஆண்கள் லக்ராஸும் பெண்கள் லக்ராஸும் பேர்லதான் ஒண்ணு, ஆட்டத்துல ரெண்டு வேற. ஆண்கள்ல பக்கத்துக்கு 10 பேர், ஹெல்மெட், கையுறை, தோள் கவசம், ஆளை இடிச்சு தள்ளலாம். பெண்கள்ல பக்கத்துக்கு 12 பேர், கண்ணுக்கு காகிள்ஸ், வாய்க்கு கார்டு, இடிக்கக் கூடாது. ஆட்டம் ஆரம்பிக்கிற விதமே வேற. ஆண்கள்ல பந்தை தரையில வெச்சு ரெண்டு பேர் குனிஞ்சு மல்லுக்கட்டுவாங்க, பெண்கள்ல ரெண்டு மட்டைக்கு நடுவுல பந்தை அழுத்தி பிடிச்சு, விசில் அடிச்சதும் தலைக்கு மேல தூக்கி விடுவாங்க. கபடிக்கும் கோ-கோவுக்கும் இருக்கிற தூரம் இல்ல, ஆனா ஒரே ஆளை ரெண்டுக்கும் கோச்சா போட்டு சமாளிக்கலாம்ங்கிற அளவுக்கு கிட்டவும் இல்ல.

"புரோகிராம்"னு ஏன் சொல்றாங்க, அதுவும் ஏன் ரெண்டு

அங்க காலேஜ்ல டீம்னு சொல்றத விட புரோகிராம்னு சொல்றதுதான் வழக்கம். டீம்னா இந்த வருஷம் கிரவுண்ட்ல ஓடுற பசங்க. புரோகிராம்னா அந்த பசங்க, அவங்களுக்கு முன்னாடி ஆடிட்டு போனவங்க, அடுத்த வருஷம் வரப்போறவங்க, பட்ஜெட், கோச்சுங்க, பயண ஏற்பாடு எல்லாம் சேர்ந்த மொத்த குடும்பம். கோயில் திருவிழாவுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் இருக்கிற வித்தியாசம்னு வெச்சுக்கோங்க.

சின்ன காலேஜ்லயும் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒரு புரோகிராம், பெண்களுக்கு ஒண்ணுன்னு ஜோடியாதான் இருக்கும், ரெண்டுக்கும் தனித்தனி ஹெட் கோச். விதிகள் வேறங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு டைட்டில் நைன், அதாவது அரசாங்க உதவி வாங்குற கல்வி நிலையத்துல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு 1972-ல வந்த அமெரிக்க சட்டம். விளையாட்டுக்கு இது எப்படி பொருந்துதுன்னா, பசங்களுக்கு மட்டும் 40 பேர் டீம், நாலு கோச், புது பஸ், பொண்ணுங்களுக்கு ஒரு கோச், பழைய ஜெர்சின்னு ஓட்ட முடியாது, வாய்ப்பு, வசதி, கோச்சிங் எல்லாத்துலயும் மொத்தமா பாத்து கணக்கு சொல்லணும். அதனால ஒரு காலேஜ் லக்ராஸ் ஆரம்பிக்குதுன்னா பல நேரம் ரெண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கும்.

இதுல ஒரு முரண் இருக்கு, சொல்லாம போக மனசு வரல. டைட்டில் நைன் வர்றதுக்கு முன்னாடி பெண்கள் டீம்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல பெண்கள்தான் கோச். சட்டம் வந்து சம்பளமும் மதிப்பும் ஏறினதும் ஆண்கள் அந்த வேலைக்கு வர ஆரம்பிச்சு, எல்லா விளையாட்டையும் சேர்த்து பாத்தா இப்போ பாதிக்கும் கீழ போயிடுச்சு. அதுல தப்பிச்சு நிக்கிறது பெண்கள் லக்ராஸ், இங்க ஹெட் கோச் பெரும்பாலும் இன்னிக்கும் பெண்கள்தான்.

சின்ன காலேஜ்னா எந்த மாதிரி சின்னது

அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற பெரிய அமைப்பு என்சிஏஏ. அது 1973-ல காலேஜ்கள மூணு தட்டா பிரிச்சுது. டிவில வர்றது, கோடி கோடியா பணம் புரளுறது எல்லாம் டிவிஷன் ஒன். சின்ன காலேஜ்கள் நிறைய இருக்கிற இடம் டிவிஷன் த்ரீ. ரெண்டாயிரம் மூவாயிரம் ஸ்டூடன்ட்ஸ், நாலு பக்கமும் மரம், நடுவுல ஒரு மணிக்கூண்டு, அந்த மாதிரி காலேஜ்கள். ஆண்கள் லக்ராஸ் மட்டும் எடுத்துக்கிட்டாலே டிவிஷன் த்ரீல 200 டீமுக்கு மேல இருக்கு, டிவிஷன் ஒன்ல அதுல பாதி கூட கிடையாது. அதாவது அமெரிக்கால காலேஜ் லக்ராஸ் ஆடுறவங்கள்ல பெரும்பகுதி யாருக்கும் பேர் தெரியாத சின்ன காலேஜ்லதான் இருக்காங்க.

இந்த டிவிஷன் த்ரீயோட அடிப்படை விதி ஒண்ணுதான் குரூப்ல ஸ்காலர்ஷிப் கன்ஃபார்ம்னு சொன்னவருக்கு தெரியாம போச்சு. விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஒரு டாலர் கூட கிடையாது. படிப்பு மார்க்குக்கு உதவித்தொகை இருக்கும், குடும்ப வருமானத்தை பாத்து உதவி இருக்கும், ஆனா "நல்லா ஆடுறான், பத்தாயிரம் குறைச்சுக்கோ"ன்னு கோச் ஆபீஸ்ல போய் சொல்ல முடியாது, சொன்னா விதிமீறல்.

இதுவரைக்கும் பாத்தது சுருக்கமா: ரெண்டு வேற வேற ஆட்டம், அதனால ரெண்டு புரோகிராம், ரெண்டு ஹெட் கோச். சின்ன காலேஜ்னா பெரும்பாலும் டிவிஷன் த்ரீ, அங்க விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்ல. இனிமே ஆளுங்கள பாக்கலாம்.

மெஸ்ஸும் பெரிய ஹோட்டலும்

பெரிய ஹோட்டல்ல காய்கறி வாங்க ஒருத்தர், சட்னி அரைக்க ஒருத்தர், தோசைக்கு ஒரு மாஸ்டர், பில் போட ஒருத்தர்னு இருப்பாங்க. டிவிஷன் ஒன் அப்படி. தெருமுனைல இருக்கிற மெஸ்ஸ பாருங்க. ஓனர் விடிகாலைல மார்க்கெட்டுக்கு போவாரு, சாம்பார ஒரு சொட்டு உள்ளங்கைல விட்டு ருசி பாப்பாரு, கல்லால உக்காருவாரு, ஆள் வரலன்னா இலையும் போடுவாரு. டிவிஷன் த்ரீ கோச்சிங் ஸ்டாஃப் இந்த மெஸ் மாதிரி.

அந்த மெஸ் ஓனர்தான் ஹெட் கோச். முழுநேர வேலை. எந்த ஸ்டைல்ல ஆடணும், யாரை எடுக்கணும், எந்த காலேஜோட மேட்ச் போடணும், பட்ஜெட்ல பந்து வாங்கணுமா பஸ் புடிக்கணுமா, எல்லாம் அவர் தலைல. மார்ச்ல வடக்கு பக்கம் இன்னும் குளிரா இருக்கும், அதனால நிறைய டீம் தெற்க ஃப்ளோரிடா மாதிரி இடத்துக்கு ஒரு வாரம் போய் மேட்ச் ஆடும், அந்த டிரிப்புக்கு பழைய மாணவர்கள்கிட்ட நன்கொடை கேக்குறதும் அவர் வேலைல சேர்ந்ததுதான். சில காலேஜ்ல இவர் உடற்கல்வி வகுப்பும் எடுப்பாரு.

அடுத்து அசிஸ்டன்ட் கோச். நம்ம ஊர்ல அசிஸ்டன்ட்னு சொன்னா டீ வாங்கிட்டு வர்ற ஆள்னு ஒரு நெனப்பு வந்துருது. இங்க அப்படி இல்ல. பல இடத்துல டீமோட பாதிய இவர்தான் ஓட்டுவாரு. தாக்குதல் பக்கத்தை ஒருத்தர், தடுப்பு பக்கத்தை ஒருத்தர்னு பிரிச்சுப்பாங்க, அப்படி ஒரு பக்கத்துக்கு முழுப் பொறுப்பு இருக்கிறவரை கோஆர்டினேட்டர்னு கூப்பிடுவாங்க. ஹெட் கோச் தாக்குதலை வெச்சுக்கிட்டா அசிஸ்டன்ட்தான் தடுப்புக்கு ராஜா, அங்க என்ன திட்டம்ங்கிறத ஹெட் கோச்சே அவர்கிட்ட கேட்டுதான் தெரிஞ்சுப்பாரு. சின்ன காலேஜ்ல முழுநேர அசிஸ்டன்ட் ஒருத்தர் இருந்தாலே அந்த புரோகிராம் கொஞ்சம் வசதியான வீடுன்னு அர்த்தம். இவருக்கும் பக்கத்து வேலை ஒண்ணு ஒட்டியிருக்கும், மத்த விளையாட்டு மேட்ச் நடக்கும்போது மைதான ஏற்பாடு பாக்குறது, இல்லன்னா ஹாஸ்டல்ல வார்டன் மாதிரி தங்குறது, அதுக்கு பதிலா ரூம் இலவசம்.

கிராஜுவேட் அசிஸ்டன்ட்னு ஒரு வகை இருக்கு. பேரை சுருக்கி ஜிஏ-ன்னு சொல்வாங்க. போன வருஷம் வரைக்கும் எங்கயோ ஆடிட்டு இருந்த 22, 23 வயசு ஆள், அதே காலேஜ்ல மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே கோச்சா வேலை செய்வாரு, சம்பளம்னு பெருசா இருக்காது, ஃபீஸ தள்ளுபடி பண்ணி கைச்செலவுக்கு கொஞ்சம் குடுப்பாங்க. காலைல பிராக்டிஸ், மத்தியானம் கிளாஸ், ராத்திரி மேட்ச் வீடியோவ வெட்டி ஒட்டி ஒவ்வொரு பிளேயருக்கும் அனுப்புறது. பசங்களுக்கும் ஹெட் கோச்சுக்கும் நடுவுல வீட்ல அண்ணன் மாதிரி ஒரு இடம் இது, அப்பாகிட்ட சொல்ல பயப்படுறத இவர்கிட்ட சொல்வாங்க.

அதுக்கு மேல பார்ட் டைம் கோச், வாலண்டியர் கோச். பகல்ல பேங்க்லயோ ஸ்கூல்லயோ வேலை, சாயங்காலம் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, மட்டும் சொல்லிக்குடுக்க வர்றவரு பார்ட் டைம். வாலண்டியர்னா பேரே சொல்லுது, காசு இல்லாம வர்றவரு, பெரும்பாலும் பழைய பிளேயர். கோலிக்கு தனி கோச் எதுக்குன்னு தோணும். கெட்டி ரப்பர் பந்து ரொம்ப கிட்டத்துல இருந்து பறந்து வரும்போது கண்ண மூடாம மட்டைய நீட்டுறது ஒரு தனி பைத்தியக்காரத்தனம், அத அனுபவிச்சவங்கதான் சொல்லிக்குடுக்க முடியும்.

ஆக ஒரு சாதாரண சின்ன காலேஜ்ல ஒரு புரோகிராமுக்கு ஒரு ஹெட் கோச், ஒரு முழுநேர அசிஸ்டன்ட் இல்லன்னா ஒரு ஜிஏ, கூட ஒண்ணு ரெண்டு பார்ட் டைம் கோச்சோ வாலண்டியரோ, இவ்வளவுதான் படை. பாக்கி யார் தலைல விழும்னு கேட்டா, பெரும்பாலும் ஹெட் கோச்தான்.

மேட்ச் அன்னிக்கு: ஓடுற பஸ்ல ஏறி இறங்குற வித்தை

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு கோச்சுங்க ஓரமா நின்னு கத்துறாங்கன்னுதான் தெரியும். ஆண்கள் லக்ராஸ்ல அந்த கத்தலுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது, அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ஃபுட்பால்ல ஆள் மாத்தணும்னா ஆட்டம் நிக்கணும். லக்ராஸ்ல ஆட்டம் ஓடிட்டு இருக்கும்போதே ஆள் மாறலாம். ஓடுற டவுன் பஸ்ல ஒருத்தர் குதிச்சு இறங்க இன்னொருத்தர் தொத்தி ஏறுற மாதிரி. அதுக்குன்னு ஓரத்துல ஒரு சின்ன பகுதி இருக்கும், அதுக்கு பேரு பாக்ஸ். உள்ள இருக்கிறவன் கோட்ட தாண்டினதும் வெளிய நிக்கிறவன் பாயணும்.

இத ஏன் ஓயாம பண்றாங்கன்னா, ஒவ்வொருத்தனுக்கும் வேலை வேற. தாக்குறவங்க மட்டை குட்டை, 40-லிருந்து 42 இன்ச். தடுக்கிறவங்க மட்டை 72 இன்ச் வரைக்கும் போகும், ஆறடி! அந்த நீள மட்டை ஒரு டீமுக்கு ஒரே நேரத்துல நாலுக்கு மேல உள்ள இருக்கக் கூடாது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது தரைல மல்லுக்கட்டி பந்தை எடுக்கிறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பான், எடுத்து குடுத்துட்டு உடனே வெளிய ஓடி வந்துருவான், மேட்ச் பூரா அவனுக்கு அதான் வேலை. பந்து நம்ம கிட்ட வந்தா தாக்குற மிட்ஃபீல்டர் உள்ள போகணும், பந்து போயிடுச்சுன்னா தடுக்கிற மிட்ஃபீல்டர் போகணும். நடுவுல ஃபவுல் ஆனா நம்ம ஆள் ஒருத்தன் 30 செகண்டோ ஒரு நிமிஷமோ வெளிய உக்காரணும், அந்த நேரத்துக்கு ஒரு ஆள் குறைவா தடுக்கிறதுக்கு தனி செட்டு.

இத்தனையும் ஒருத்தர் மனசுல வெச்சுக்கிட்டு, "நீ போ, நீ வா, நீளமட்டை ஒண்ணு வெளிய"ன்னு நொடிக்கு நொடி அனுப்பணும். அந்த வேலை பெரும்பாலும் அசிஸ்டன்ட் கோச்சுக்குதான். பாக்ஸ ஓட்டுறதுன்னு சொல்வாங்க. ஒரு ஆள் லேட்டா அனுப்பினா கோல் விழும், ஒரு ஆள் அதிகமா அனுப்பினா பெனால்டி விழும். அந்த நேரத்துல ஹெட் கோச்சோட கண்ணு எதிர் டீம் எந்த அமைப்புல நிக்குதுங்கிறதுல இருக்கும். அதனாலதான் சொல்றேன், குரூப்ல "அசிஸ்டன்ட்தானே"ன்னு இழுத்தவர் ஒரு மேட்ச் பாக்ஸ் பக்கத்துல நின்னு பாக்கணும்.

பெண்கள் ஆட்டத்துல மட்டை நீள வித்தியாசம் இந்த மாதிரி இல்ல, அதனால ஆள் மாத்துற பரபரப்பு கொஞ்சம் கம்மி. அங்க கோச்சுங்களோட தலைவலி பந்தை தூக்கி விடுற அந்த ஆரம்பம், அப்புறம் கோலுக்கு முன்னாடி வளைவுக்குள்ள நடக்கிற ஃபவுலுக்கு கிடைக்கிற நேரடி ஷாட். இந்த ரெண்டுலயும் யார் கெட்டியோ அவங்க பக்கம்தான் ஆட்டம் சாயும்.

நிஜமான வேலை: ஆள் புடிக்கிறது

இப்போ மையத்துக்கு வர்றேன். ஒரு சின்ன காலேஜ் கோச்சோட வருஷத்துல, விசிலோட கிரவுண்ட்ல நிக்கிற நேரம் ரொம்ப குறைவு. மேட்ச் சீசன் பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும்தான். இலையுதிர் காலத்துல கொஞ்ச நாள் பயிற்சி இருக்கும், அதுக்கும் நாள் கணக்கு கட்டுப்பாடு உண்டு. பாக்கி நேரத்துல என்ன பண்றாரு? ஸ்டூடன்ட்ஸ தேடுறாரு. இதுக்கு பேரு ரெக்ரூட்டிங்.

நம்ம ஊர் தனியார் எஞ்சினியரிங் காலேஜ் லெக்சரருங்கள நெனச்சு பாருங்க. ஏப்ரல் மே ஆனா பாடம் நடத்துறத ஓரமா வெச்சுட்டு பிளஸ் டூ முடிச்ச பசங்க நம்பர் லிஸ்ட குடுத்து, "சார் ஆளுக்கு இத்தனை அட்மிஷன்"னு சொல்லி அனுப்புவாங்கல்ல, அதே கதைதான், கொஞ்சம் கௌரவமா நடக்குது. ஒரு சின்ன தனியார் காலேஜுக்கு வருமானத்துல பெரும்பகுதி ஃபீஸ். ஒரு கணக்குக்கு, எல்லா தள்ளுபடியும் போக ஒரு பையன் வருஷத்துக்கு 25,000 டாலர் கட்டுறான்னு வெச்சுக்கோங்க. லக்ராஸுக்காகவே அந்த காலேஜ தேர்ந்தெடுத்த 40 பேர் வந்தா அது 10 லட்சம் டாலர். கோச் சம்பளம், பஸ், பந்து, மட்டை எல்லாம் போனாலும் மிச்சம் இருக்கும். அதுவும் நிறைய சின்ன காலேஜ்ல இப்போ பொண்ணுங்க எண்ணிக்கை பசங்கள விட அதிகம், பசங்கள இழுக்கணும்னே ஆண்கள் டீம் ஆரம்பிக்கிற காலேஜும் உண்டு. அதனால ஹெட் கோச்சுக்கு மேலிடத்துல இருந்து வர்ற முதல் கேள்வி பல இடத்துல "எத்தனை மேட்ச் ஜெயிச்ச"ங்கிறது இல்ல, "வர்ற வருஷம் எத்தனை பேர கொண்டு வர்ற"ங்கிறதுதான். விளையாட்டு ஸ்காலர்ஷிப் குடுக்காத இடத்துல டீம் எதுக்குன்னு குழம்புறவங்களுக்கு பதில் இதுலயே இருக்கு. அவங்க காசு குடுத்து பிளேயர வாங்கல, பிளேயருங்க காசு கட்டிட்டு வர்றாங்க.

எல்லா சின்ன காலேஜும் இப்படின்னு சொல்லிட முடியாது. மிடில்பரி, ஆம்ஹர்ஸ்ட் மாதிரி இடத்துல சீட்டுக்கு பெரிய அடிதடி, அங்க கோச்சுக்கு ஆள் சேர்க்கிற கவலை இல்ல, தனக்கு வேணுங்கிற ஆளை அட்மிஷன் ஆபீஸ் உள்ள விடுமாங்கிற கவலைதான்.

நடைமுறை எப்படின்னா, ஜூன் ஜூலைல ஸ்கூல் பசங்க ஆடுற கிளப் டோர்னமென்ட் நடக்கும். ஒரே இடத்துல பத்து பன்னெண்டு மைதானம், காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேட்ச். ஓரத்துல மடக்கு நாற்காலி போட்டு, காலேஜ் பேர் போட்ட டீ-ஷர்ட்ல, கைல நோட்டோட உக்காந்திருக்கிறவங்க எல்லாம் கோச்சுங்க. அதுல பாதிப் பேர் அசிஸ்டன்ட்தான். யாருக்கு மெயில் போடணும்னு முதல் லிஸ்ட் எழுதுறதே அவங்கதான். ஹெட் கோச் கடைசியா வந்து பாத்து தலையாட்டுவாரு. அதனால அசிஸ்டன்ட் கிட்டேர்ந்து மெயில் வந்தா அது குறைச்சல் இல்ல, கதவு அங்கதான் இருக்கு.

பையன் பிடிச்சிருந்தா அடுத்த படி ப்ரீ-ரீட். பதினோராம் வகுப்பு முடிஞ்ச கோடைல, பையனோட மார்க் ஷீட், எடுத்த பாடங்கள், டெஸ்ட் ஸ்கோர் இருந்தா அது, எல்லாத்தையும் கோச் வாங்கி அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்புவாரு. அவங்க பாத்துட்டு, இவன் விண்ணப்பிச்சா வாய்ப்பு நல்லா இருக்கு, சுமார், கஷ்டம்னு ஒரு முன்னோட்டம் சொல்வாங்க. ஜாதகம் பொருத்தம் பாக்குற மாதிரி, பொருத்தம் இருக்குன்னா நிச்சயதார்த்தம் ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நல்ல பதில் வந்தா கோச், "நவம்பர்லயே, சேந்தா இங்கதான் சேருவேன்னு கையெழுத்து போட்டு விண்ணப்பிச்சா நான் உனக்காக பேசுறேன்"ம்பாரு. அந்த பேச்சுக்கு எவ்வளவு எடை இருக்குங்கிறது காலேஜுக்கு காலேஜ் மாறும். சில இடத்துல ஒரு கோச்சுக்கு இத்தனை பேருக்குதான் இப்படி பேசலாம்னு அளவு வெச்சிருப்பாங்க. முடிவு எடுக்கிறது எப்பவுமே அட்மிஷன் ஆபீஸ்தான், கோச் கைல சீட்டு இல்ல.

சுருக்கமா: மேட்ச்ல அசிஸ்டன்ட் பாக்ஸ ஓட்டுறாரு, கோடைல மைதானம் மைதானமா சுத்தி ஆள் தேடுறாரு. ஹெட் கோச் எண்ணிக்கைக்கு பதில் சொல்றாரு. ப்ரீ-ரீட்ங்கிறது முன்னோட்டம், உத்தரவாதம் இல்ல.

கூட நிப்பாங்க, ஆனா கோச் இல்ல

டிரெய்னர பிடிங்கன்னு சொன்னாரே ஒருத்தர், அவர் விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல டிரெய்னர்னா ஜிம்ல தண்டால் எடுக்க வைக்கிறவரு. அங்க அத்லெடிக் டிரெய்னர்ங்கிறது மருத்துவம் சார்ந்த வேலை. அதுக்குன்னு படிச்சு பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கினவங்க. கணுக்கால் பிசகினா கட்டுறது, தலைல அடி பட்டா மூளை அதிர்ச்சி இருக்கான்னு சோதிக்கிறது, அடிபட்ட பையன் எப்போ மறுபடி ஆடலாம்னு டாக்டரோட சேர்ந்து முடிவு பண்றது. இந்த ஒரு விஷயத்துல அவங்க வெச்சதுதான் சட்டம். ஃபைனல்ல கடைசி ரெண்டு நிமிஷம், சமநிலை, நட்சத்திர ஆட்டக்காரன் உள்ள போகத் துடிக்கிறான், அத்லெடிக் டிரெய்னர் "இல்ல"ன்னா இல்லதான், ஹெட் கோச் வாயைத் திறக்கக் கூடாது. பையனுக்கு சீட் வாங்க இவர்கிட்ட போய் நின்னா பாவம் அவரு ஐஸ் பேக்தான் குடுப்பாரு.

தண்டால் எடுக்க வைக்கிறவரு ஸ்ட்ரெங்த் கோச். சின்ன காலேஜ்ல இவர் ஒருத்தரே எல்லா விளையாட்டுக்கும் பொது. ஸ்கோர், புள்ளிவிவரம், வெப்சைட் செய்தி பாக்க ஒருத்தர் இருப்பாரு, அவரும் பொதுதான். இவங்க எல்லாருக்கும் மேல அத்லெடிக் டைரக்டர், கோச்சுங்கள வேலைக்கு எடுக்கிறதும் அனுப்புறதும் அவர்.

யார் இந்த வேலைக்கு வர்றாங்க

ஏணி பெரும்பாலும் இதான்: பிளேயர், ஜிஏ, அசிஸ்டன்ட், வேற காலேஜ்ல ஹெட் கோச். கேட் லிவ்சே கதை நல்ல உதாரணம். வெர்மான்ட்ல இருக்கிற மிடில்பரி காலேஜ்ல படிச்சு ஆடினவங்க, அந்த டீமுக்கு மொத்தம் அஞ்சு தேசிய பட்டம் வாங்கிக் குடுத்த மிஸ்ஸி ஃபூட்தான் அப்போ அங்க கோச். லிவ்சே அப்புறம் கனெக்டிகட்ல டிரினிட்டி காலேஜுக்கு ஹெட் கோச்சா போய் 2012-ல அந்த டீமுக்கு தேசிய பட்டம் வாங்கிக் குடுத்தாங்க, பிறகு தன்னோட பழைய காலேஜுக்கே ஹெட் கோச்சா திரும்பி வந்து 2016-ல ஆரம்பிச்சு பல தேசிய பட்டம்.

மேல போற ஏணியும் உண்டு. நியூயார்க்ல இருக்கிற ஹோபார்ட் காலேஜ் 1980-லிருந்து 1991 வரைக்கும் தொடர்ந்து 12 தடவ டிவிஷன் த்ரீ சாம்பியன், அதுல முதல் பத்துக்கு கோச்சா இருந்த டேவ் யூரிக் அப்புறம் ஜார்ஜ்டவுனுக்கு, டிவிஷன் ஒன்னுக்கு போனாரு. ஆனா எல்லாரும் போகணும்னு நெனைக்கிறதில்ல. மேரிலாண்ட்ல சாலிஸ்பரி யுனிவர்சிட்டில ஜிம் பெர்க்மன் பல பத்து வருஷமா ஒரே இடத்துல இருந்து 500 வெற்றிக்கு மேல தாண்டினவரு. டிவிஷன் த்ரீ மெஸ் ஓனர் கதைக்கு உச்சம்னா 'தி காலேஜ் ஆஃப் நியூஜெர்சி'யோட ஷேரன் ஃப்ளூகர்தான். இலையுதிர்ல ஃபீல்டு ஹாக்கிக்கு ஹெட் கோச், வசந்தத்துல பெண்கள் லக்ராஸுக்கு ஹெட் கோச், ரெண்டுலயும் தேசிய பட்டங்கள். ரெண்டு விளையாட்டுக்கு ஒரே ஆள்ங்கிறது ஒரு காலத்துல சின்ன காலேஜ்ல சாதாரணம், இப்போ அரிதாயிட்டு வருது.

கோச்சால முடியாத இடம்

ஆள் சேர்த்தா காலேஜ் பிழைக்கும்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. பிலடெல்ஃபியா பக்கத்துல கப்ரீனி யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருந்துச்சு, 1957-ல ஆரம்பிச்சது. அவங்க ஆண்கள் லக்ராஸ் டீம் 2019-ல ஆம்ஹர்ஸ்ட தோக்கடிச்சு டிவிஷன் த்ரீ தேசிய பட்டம் வாங்குச்சு. அந்த காலேஜுக்கு எந்த விளையாட்டுலயும் அதுதான் முதல் என்சிஏஏ பட்டம். நாலு வருஷம் கழிச்சு, 2023-ல, காலேஜையே மூடப் போறோம்னு அறிவிச்சாங்க, 2024-ல மூடியாச்சு, இடம் பக்கத்துல இருக்கிற வில்லனோவா கைக்கு போச்சு. தேசிய பட்டம் வாங்கின புரோகிராம் கூட ஒரு காலேஜோட மொத்த கடனையும் குறையுற சேர்க்கையையும் தூக்கி நிறுத்தாது. பசங்க வேற காலேஜுக்கு மாறலாம், கோச்சுங்க மறுபடி வேலை தேடணும்.

அதனால ஒரு கோச்கிட்ட பேச வாய்ப்பு வந்தா ஸ்காலர்ஷிப் எவ்வளவுன்னு கேக்காதீங்க, எங்க பையன் ஆடுற இடத்துல இப்போ எத்தனை பேர் இருக்காங்க, அதுல எத்தனை பேர் அடுத்த வருஷம் படிப்பு முடிச்சு போறாங்க, ஸ்டாஃப்ல யார் எத்தனை வருஷமா இருக்காங்க, ப்ரீ-ரீட் எப்போ அனுப்பலாம்னு கேளுங்க. உதவித்தொகை பத்தி கேக்க வேண்டிய இடம் காலேஜோட நிதி உதவி ஆபீஸ்.

குரூப்ல முதல் மெசேஜ் போட்ட அந்த அப்பாகிட்ட இத எல்லாம் சொன்னேன். கொஞ்ச நாள் கோவமா இருந்தாரு. அப்புறம் பையனே அந்த அசிஸ்டன்ட் கோச்சுக்கு, கோலி இடத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு மெயில் போட்டான். பதில் வந்தது ராத்திரி பதினொன்னரைக்கு, ஏதோ டோர்னமென்ட் முடிஞ்சு ஹோட்டலுக்கு வந்து போட்டிருக்கணும். ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தர் அடுத்த மே மாசம் முடிக்கிறார், உன் மார்க் ஷீட்ட அனுப்பு.